எது அந்த எஞ்சின்?

நீராவி எஞ்சின் ஒன்றை இன்னதென்று காட்டுபவை மூன்று: செய்த கம்பெனியின் வரிசை எண், ரயில்வே கொடுத்த எண், மேலே பூசிய வண்ணம். புதிதாக வந்து இறங்கும்போது மூன்றும் ஒன்றையே சுட்டும். ஐம்பது ஆண்டு ஓடிய பிறகு அப்படியில்லை. பாய்லர் மாறியிருக்கும், சக்கரத்தின் இரும்புப் பட்டை பலமுறை மாறியிருக்கும், சிலிண்டர் வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றியதாக இருக்கும். பெரிய பணிமனைகளில் பாய்லருக்கென்றே தனி எண்ணும் தனிப் பதிவும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் அது பழைய எஞ்சின்தானா? உடல் மாறினாலும் உயிர் ஒன்றா என்று சமயங்கள் கேட்ட கேள்வியே இரும்பின்மேல் திரும்பி நிற்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நன்றாகப் பொருந்தும் இடம் நீலகிரி மலை ரயில். அகலப்பாதையைவிடக் குறுகிய மீட்டர் பாதை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவுக்கு ஏற்றம். தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம். இதற்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை செய்துகொடுத்தவை எக்ஸ் வகை எஞ்சின்கள். முதல் உலகப்போரை ஒட்டி வரத் தொடங்கி, கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. மொத்தம் பதினேழு. 1950-களில் வந்த அகில இந்திய எண் முறையில் 37384 முதலான எண்கள் இவ்வகைக்குக் கிடைத்தன. 2011-இல் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வடிவில் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சினைக் கட்டியபோது, பழைய வரிசையின் தொடர்ச்சியாக 37396 என்ற எண்ணே இடப்பட்டது. 2021-இல் நிலக்கரி எஞ்சினும் அங்கே கட்டப்பட்டது. ஏறக்குறைய நூறாண்டு இடைவெளியில் பிறந்தவை ஒரே பட்டியலில் நிற்கின்றன.

பௌத்தர் இதைக் கண்டு வியக்கமாட்டார். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வி புகழ்பெற்றது: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவை சேர்ந்திருக்கும்போது வழக்கில் வைத்த பெயரே தேர். அப்படியானால் 37384 என்பதும் ஒரு வழக்குத்தான். ஆனால் ஐரோப்பாவில், பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை வைத்துத் தத்துவஞானி ஹாப்ஸ் எழுப்பிய சிக்கல் இதை நெருக்குகிறது. கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது அது? வழக்குதான் என்றால் இரண்டு ஊரில் இரண்டு வழக்கு இருக்கலாம். பட்டியல் எழுதுகிறவருக்கு அது உதவாது. வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளியினரின் விடை இதைவிடக் கடுமை: உறுப்பு ஒன்று போனாலே பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றுகிறது. ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் எஞ்சின் செத்துப் பிறக்கும். எந்த ஷெட்டும் அப்படிக் கணக்கு வைத்ததில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைச் சமணம் காட்டியது. குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று விரியும் கரிசல் சீமையின் மேற்கு விளிம்பில், கழுகுமலைப் பாறையில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பல உருவங்கள் ஒரே அச்சு. கீழே உள்ள வட்டெழுத்து, செய்வித்தவர் பெயரைச் சொல்லி ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. சமணக் கொள்கைப்படி, இருக்கும் எதிலும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருசேர உண்டு. பொருள் நிலைக்கும், அதன் நிலைகள் மாறும். சமண ஆசிரியர் சமந்தபத்திரர் சொன்ன சான்று: பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துவான், முடியை விரும்பியவன் மகிழ்வான், பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் ஒன்றே. பணிமனையிலும் இந்த மூவர் உண்டு. பழைய பாய்லர் போனதே என்கிறவர் ரயில் ஆர்வலர். மறுபடி ஓடுகிறதே என்கிறவர் ஷெட் அதிகாரி. எடைக்கு எடுக்கும் பழைய இரும்பு வியாபாரிக்கு வேறுபாடில்லை. மூவரும் பொய் சொல்லவில்லை. எந்த நோக்கிலிருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடவேண்டும் என்பதே சமணரின் நிபந்தனை.

வண்ணம் பூசுகிறவர்கள் தவறுவது இந்த நிபந்தனையில்தான். வண்ணம் மாறும் நிலைகளுள் ஒன்று. மிக மெல்லியதும் அதுவே. சுதந்திர இந்தியாவில் மதுரை, கோவில்பட்டி, தூத்துக்குடி வழியே ஓடிய ஒய்.பி. போன்ற மீட்டர் பாதை எஞ்சின்கள் பொதுவாகக் கருப்பு. இன்றைய நீலகிரி எஞ்சின்கள் நீலம். பழையதைப் புதுக்கும்போது ‘அசல் நிறம்’ என்ற பேச்சு வருகிறது. எந்த ஆண்டின் அசல்? 1951-இல் தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேயில் கலந்தது. 1952-இல் வந்த எஞ்சினுக்குப் பழைய கம்பெனியின் வண்ணம் பூசினால், அது ஒருநாளும் அணியாத உடை. டார்ஜிலிங்கின் இரண்டடிப் பாதையில் 19 என்றும் பிறகு 778 என்றும் ஓடிய ‘பி’ வகை எஞ்சின் அமெரிக்காவுக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போனது. அதன் மேல் எந்த எண்ணை இடுவது என்பதும் எந்தக் காலத்தை முன்னிறுத்துவது என்ற தேர்வே. மறுபூச்சில் குற்றமில்லை, ஆண்டைச் சொல்லாமல் ‘அசல்’ என்பதில்தான் குற்றம்.

சைவ ஆகம வழக்கு இதை இன்னொரு விதமாகத் தீர்க்கிறது. திருப்பணியின்போது தெய்வ ஆற்றலைக் கும்பத்தில் ஆவாகித்துப் பாலாலயம் என்ற தற்காலிகக் கோயிலில் வைப்பார்கள். கோவில்பட்டி பூவனநாதர் கோயிலானாலும் சிற்றூர்க் கோயிலானாலும், குடமுழுக்குக்குக் கோபுரம் புதுவண்ணம் பெறும். போன தடவை என்ன நிறம் என்று கேட்டு யாரும் கும்பிடாமல் திரும்புவதில்லை. கோயில் இன்னது என்பது சுதையில் இல்லை, விடாமல் நடக்கும் வழிபாட்டில் இருக்கிறது. மலையேறும் எக்ஸ் எஞ்சினுக்கு இந்த விடை பொருந்தும்: ஓட்டம் தொடர்வதால் எண்ணும் தொடர்கிறது. ஓட்டம் நின்று, நிலைய வாசலில் பீடமேறிய எஞ்சினுக்கு இது பொருந்தாது. அதற்குச் சமணரின் கணக்கே வேண்டும். எந்த உறுப்பு எந்த ஆண்டினது என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

பீடமும் இல்லாதவை உண்டு. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளைத் தேரிக்காட்டில் சர்க்கரை ஆலைக் கம்பெனி நடத்திய இரண்டடி அகல ரயில் 1940-இல் நின்றுபோனது. அதன் எஞ்சின்களுக்கு இன்று வண்ணமும் இல்லை, எண் பலகையும் இல்லை. பௌத்தர் கணக்கில் அங்கே ஒரு பெயர் வழக்கொழிந்தது, அவ்வளவே. சமணர் கணக்கில் இரும்பு எங்கோ வேறு நிலையில் இருக்கிறது.