ஓடுவது யார்?

இணையத் தொடர்பு அறுந்த வேளையில் குரோம் உலாவியின் திரையில் தோன்றும் டைனோசர், 2014-ஆம் ஆண்டு முதலாக எண்ணற்றோரால் ஓட்டப்பட்டு வந்த போதிலும், உண்மையில் ஓரடிகூட முன்னே வைப்பதில்லை. ஆட்டம் சூடுபிடித்த பின் திரையின் இடப்புறத்தில் அதற்கு விதிக்கப்பட்ட ஸ்தானம் மாறுவதே கிடையாது. அதன் கால்கள் மட்டும் அசைய, இரண்டே துண்டுகளாலான தரை மாறி மாறி அடியில் வழுகிச் செல்ல, கள்ளிச்செடிகள் வலது எல்லையில் பிறந்து இடது எல்லையில் மறைகின்றன.

இதற்குத் தக்க காரணம் உண்டு. முடிவற்ற பாதையில் ஓடுபவனையே நகர்த்தினால் அவன் ஸ்தானத்தைக் குறிக்கும் எண் ஓயாது வளரும். 32 பிட்டுகளில் அடங்கும் மிதவைப்புள்ளி எண்ணோ 1,67,77,216-ஐத் தாண்டியதும் அடுத்தடுத்த முழு எண்களைக்கூடப் பிரித்துக் காட்ட வல்லதன்று. அதற்கு வெகு முன்பே நுண்ணிய பின்னங்கள் நழுவி உருவம் நடுங்கத் தொடங்கும். ஆகையால் அவனை நிறுத்தி உலகத்தை ஓட்டுவர்; அல்லது, சற்றுத் தூரம் சென்றதும் அவனையும் அவனைச் சூழ்ந்த யாவற்றையும் ஒருசேரத் தொடக்கப் புள்ளிக்கே திருப்பிவிட்டு, கடந்த தூரத்தை மட்டும் தனிக்கணக்காகக் காத்து வைப்பர். ஆடுகிறவனுக்கு இவற்றுள் எதுவும் புலப்படாது. படகில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதைக் காட்டி, விண்மீன்கள் மேற்கே செல்வதும் அத்தகைய தோற்றமே என்று, 476-இல் பிறந்த ஆரியபடர் தமது ஆரியபடீயத்தில் விளக்கினாரல்லவா?

ஈசுவரகிருஷ்ணரின் காரிகையைக் கற்றவர்களுக்கு இங்கே சாங்கியம் நினைவுக்கு வரும். ஆன்மாவாகிய புருஷன் அசைவற்ற சாட்சி. கட்டுண்பதும் விடுபடுவதும் பிறவிதோறும் சஞ்சரிப்பதும் பிரகிருதி எனும் மூல இயற்கையே என்பது அத்தரிசனத்தின் துணிபு. கம்பீரமான சிந்தனைதான், எனினும் அதை முழுமையும் ஏற்க என் மனம் இசையவில்லை. தரை தானே வருகிறது, கள்ளியும் தானே வருகிறது. தாண்டுதல் மட்டும் தானே வருவதில்லை. தாண்டத் தீர்மானிப்பது புத்தி, அப்புத்தியும் பிரகிருதியின் விகாரமே என்று சாங்கியர் விடையிறுப்பர். ஆனால் தாண்டத் தவறியதன் துக்கத்தை அனுபவிக்கும் போக்தா புருஷனே என்று ஒப்புக்கொண்டு, செய்த கர்த்தா மட்டும் அவனல்லன் என்பது எவ்வாறு நியாயமாகும்? ஒருவர் செய்ய மற்றொருவர் பலனை அனுபவிப்பதை எந்த அறமும் ஒப்பாது.

காலமும் உலகமும் நம் அனுமதியைக் கேளாமலே நம்மை நோக்கி வருகின்றன என்பது மெய்யே. அவற்றின் வேகம் நம் கையில் இல்லை. ஆயினும், 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், அறிவு, இச்சை, செயல் ஆகிய மூன்றையும் ஆன்மாவுக்கு உரியனவாக்கி, உடலும் உலகமும் மாறினாலும் வினைக்கணக்கு அவ்வான்மாவையே தொடரும் என்கிறது. இவ்விஷயத்தில் சாங்கியரினும் சித்தாந்திகளே நம் அனுபவத்திற்கு நேர்மையாக நடந்துகொண்டவர்கள் என்பது என் முடிவு.