முதுகுத்தண்டு அறுவைக்கு முன்

முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட சகோதரர் ஒருவர், "இனி ஸுஜூது செய்ய முடியாதே!" என்று நம்மிடம் கண் கலங்கினார்.

அன்பர்களே! நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு, மூலநோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியதைப் புகாரீயில் காண்கிறோம். குனிய முடியாதவர் தலையால் சைகை செய்யட்டும். ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகம் தாழ்த்தட்டும். மருத்துவரிடம் எந்த நிலை ஆகும் என்று கேட்டு, இப்போதே பழகிக் கொள்ளுங்கள்.

புகை, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரை, அறுவையில் இரத்தப்போக்கை மிகுவிக்கும். இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பது தவக்குல் ஆகாது. கொடுக்க வேண்டிய கடன்களையும் எழுதி வையுங்கள்.

அல்லாஹ் பூரண ஷிபாவை அளிப்பானாக! ஆமீன்.