பூப்போட்ட துணியும் கையின் சுதந்திரமும்

ஒரு செயலுக்கான விசையும் அதன் வடிவமும் செய்பவருக்குப் புறத்திலிருந்தே வந்து சேரும்போது, அச்செயலில் அவருக்கே உரியதென்று சொல்லத்தக்கது எது என்னும் வினாவைச் சமயங்கள் விதியென்றும் அருளென்றும் வினையென்றும் பல பெயர்களில் ஆராய்ந்து வந்துள்ளன. பெரும்பாலும் பிறவி, வீடுபேறு முதலிய பெரும்பொருள்களை ஒட்டியே அது பேசப்படுகிறது. ஆயினும் தையல் இயந்திரத்தில் பூப்போட்ட துணியை வைத்துத் தைப்பவரின் கைகளிலும் அதே வினா எழுகிறது, அங்கே அதற்கான விடையை மில்லிமீட்டரில் அளந்தும் பார்க்கலாம் என்பதால் அது மெய்யியலின் கவனத்துக்கு உரியது.

குயில்ட் என்பது மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கிய போர்வை. அந்த இணைப்புத் தையலே குயில்டிங் எனப்படுகிறது. சாதாரண இயந்திரத் தையலில், ஊசிக்குக் கீழேயுள்ள பற்கள் ஒவ்வொரு குத்துக்கும் துணியை ஒரே அளவில் நகர்த்துவதால், தையலின் நீளத்தை இயந்திரமே தீர்மானிக்கிறது. தைப்பவர் திசையை மட்டும் காட்டுகிறார். ஃப்ரீ மோஷன், அதாவது கட்டற்ற தையல், எனப்படும் முறையிலோ அந்தப் பற்கள் கீழே இறக்கப்படுகின்றன. துணியை இறுக அழுத்தும் ஃபூட்டுக்குப் பதிலாக, ஊசி மேலெழும்போது துணியைத் தளர விடும் டார்னிங் ஃபூட் பொருத்தப்படுகிறது. அதன்பின் துணி எத்திசையில், எவ்வளவு விரைவாக நகர வேண்டும் என்பது முழுவதும் கைகளின் பொறுப்பாகிவிடுகிறது. ஊசி நொடிக்கு 10 முறை குத்தும்போது கை அதே நொடியில் துணியை 25 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு தையலும் 2.5 மில்லிமீட்டர் நீளம் பெறும். கை தயங்கினால் நூல் ஒரே இடத்தில் குவிந்து தடிக்கும், கை விரைந்தால் தையல் நீண்டுவிடும். விசை மோட்டாருடையது, அந்த விசைக்கு அளவு தருவது கை.

இம்முறைக்கு உரிய மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் 1989-ல் நடந்த அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டியின் கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தால் தைத்த ‘கொரோனா 2: சூரிய கிரகணம்’ என்னும் போர்வை தலையாய பரிசைப் பெற்றபோது, அதுவரை கைத்தையலுக்கே உரியதாயிருந்த அந்த இடம் பறிபோனதாகக் கருதியோர் பலர். இத்தகைய மனக்குறையின் அடியில் ஒரு சமய உணர்வு இருக்கிறது: மெல்லக் கையால் செய்யும் வேலை ஒரு நோன்பு, அதில் செலவிட்ட காலமே அதன் புண்ணியம், அந்தக் காலத்தைச் சுருக்கும் கருவி புண்ணியத்தையும் சுருக்கிவிடுகிறது என்பதே அவ்வுணர்வு. அதற்கு வலுவான மெய்யியல் வடிவம் தந்தவர் ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின். ‘வெனிஸின் கற்கள்’ நூலில், 1853-ல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், குறையற்ற நேர்த்தியைத் தொழிலாளியிடம் கேட்பது அவரையே ஒரு கருவியாக்குவது என்றும், ஒவ்வோர் ஆன்மாவின் மதிப்பையும் அதன் குறையோடு சேர்த்தே ஏற்றுக்கொள்வதுதான் கிறித்துவ அலங்காரக் கலையின் சிறப்பு என்றும் அவர் வாதிட்டார்.

ரஸ்கினின் வாதத்தில் ஆழ்ந்த உண்மை உண்டு என்றாலும், அதைக் கைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான பகையாகச் சுருக்கிக்கொண்டவர்கள் அதன் மையத்தைத் தவறவிட்டனர். ஆங்கில மரவேலை வடிவமைப்பாளர் டேவிட் பை 1968-ல் வெளியிட்ட நூலொன்றில், கைவேலை, இயந்திர வேலை என்ற பிரிவினையை விடுத்து வேறொரு பிரிவினையை முன்வைத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கணத்திலும் விளைவு கெட்டுப்போகக்கூடும், அது செய்பவரின் தீர்ப்பையும் கவனத்தையும் பொறுத்தது என்ற நிலையிலுள்ளவற்றை ‘ஆபத்தை ஏற்ற வினைத்திறன்’ என்றும், தொடங்கும் முன்பே விளைவு உறுதியாகிவிட்டவற்றை ‘உறுதிப்பட்ட வினைத்திறன்’ என்றும் அவர் வகுத்தார். இந்தப் பிரிவினையின்படி, பற்களை இறக்கித் தைக்கும் தையல் முதல் வகையைச் சேர்ந்தது; ஒரு நொடி கவனம் சிதறினால்கூடச் சிதறிய இடம் துணியில் தெரிந்துவிடும். கைத்தையலில் ஊசியை நிறுத்தி எண்ணிப் பார்க்க இடமுண்டு; மோட்டார் ஓடும்போது அந்த இடைவெளி கிடையாது என்பதால், இங்கே கவனத்தின் கடுமை கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

குறை பற்றிய ஒரு பரவலான நம்பிக்கையையும் இங்கே நோக்க வேண்டும். நிறைவு கடவுளுக்கே உரியது என்பதால், பழங்காலப் பெண்கள் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்தனர் என்று கூறுவர். அப்பிழை ‘பணிவுக் கட்டம்’ எனப்படுகிறது. போர்வைக் கலையின் வரலாற்றாசிரியர்கள் இதற்குச் சான்று இல்லை என்கின்றனர். சமய நோக்கிலும் அது நிற்காது, ஏனெனில் பிழையைத் திட்டமிட்டுச் சேர்ப்பவர், அதைச் சேர்க்காவிட்டால் தம் வேலை நிறைவுடையதாகவே இருந்திருக்கும் என்று கருதுகிறார். அதைவிடப் பெரிய செருக்கு வேறில்லை. கட்டற்ற தையலில் பிழை அழையாமலே வருகிறது. அதை ஏற்றுக்கொள்வதில்தான் பணிவு இருக்கிறது.

பணிவைத் துணியிலேயே எழுத முயன்ற சமூகம் ஆமிஷ் மக்களுடையது. 1693-ல் யாக்கோப் அம்மான் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் பிரிந்த இக்கிறித்துவப் பிரிவினர், பின்னர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் குடியேறி, ‘ஓர்ட்நுங்’ எனப்படும் சபை ஒழுங்கின்படி வாழ்கின்றனர். தன் விருப்பத்தைக் கடவுளுக்கும் சபைக்கும் ஒப்புக்கொடுத்தல் அவ்வொழுங்கின் உயிர். பூப்போட்ட துணி தன்னைக் காட்டிக்கொள்ளும் செருக்காகக் கருதப்பட்டது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை லங்காஸ்டரில் தைத்த புகழ்பெற்ற போர்வைகளின் முன்புறம் ஒற்றை நிறக் கம்பளித் துணிகளால் ஆனது. துண்டுகளை இணைக்க மிதி இயந்திரம் ஏற்கப்பட்டது. அடுக்குகளை இணைக்கும் தையலோ, பெண்கள் துணியை விரித்துக் கட்டிய சட்டத்தைச் சுற்றி அமர்ந்து கையால் செய்தது. ஆனால் அந்தத் தையலை அருகில் சென்று பார்த்தால் ரோஜாவும் டியூலிப்பும் இறகு வளையங்களும் நூல்கோடுகளாக நிறைந்திருப்பது தெரியும். வண்ணத்தில் விலக்கப்பட்ட பூ, நிழலாகத் திரும்பி வந்துவிட்டது. அலங்காரம் மனித இயல்பில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு, அதை மறுத்தவர்களின் போர்வைகளைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பூப்போட்ட துணியில் கட்டற்ற தையல் செய்பவர் இதற்கு நேரெதிரான இடத்திலிருந்து தொடங்குகிறார். அவர் முன்னால் பூ ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. இதழின் விளிம்பை ஊசியால் பின்தொடர்வதே அவர் வேலை. வேறொருவர் வரைந்த கோட்டின்மேல் செல்பவருக்குச் சுதந்திரம் ஏது என்று கேட்கலாம். ஆனால் எந்த இதழைத் தைத்து அழுத்துவது, எதைத் தைக்காமல் உப்பலாக விடுவது, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை அறுக்காமல் எந்தக் காம்பின் வழியே போவது என்பவற்றை அச்சு சொல்வதில்லை. மேலும், அந்த அச்சுப் பூவும் எவருடைய தனிப்படைப்பும் அன்று: அதன் முன்னோடிகளான, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணிகள், சில வேளை ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைத் தழுவி வரையப்பட்டுக் கப்பலேறின, பிரான்சும் இங்கிலாந்தும் தடை விதிக்கும் அளவுக்கு அவை விரும்பப்பட்டன, அவற்றின் பூக்களை வெட்டியெடுத்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைப்பது அங்கே தனிக் கலையாகவே வளர்ந்தது. அடித்துணி வெறுந்துணியாக இருக்குமானால், இதழ்களைப் பின்தொடர்ந்த தையல் அங்கே வண்ணமற்ற கோட்டுப் பூக்களாகத் தெரியும். அந்தப் பக்கம் லங்காஸ்டர் பெண்களின் தையலுக்கு உறவாகிவிடுகிறது.

இந்த உறவை விளக்க ஜப்பானிய பௌத்தம் உதவுகிறது. தூய நிலப் பௌத்த மரபின் ஷின்ரான் (1173–1263), தன் முயற்சியால் வீடடையலாம் என்ற நம்பிக்கையைத் ‘தன்னாற்றல்’ என்றும், அமிதாப புத்தரின் அருளிடம் தன்னை ஒப்புவிப்பதைப் ‘பிறவாற்றல்’ என்றும் பிரித்துப் பார்த்த மரபில் நின்று, பின்னதையே வலியுறுத்தினார். டோக்கியோவில் 1936-ல் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்த யானகி சொயெட்சு இக்கருத்தைக் கலைக்குப் பொருத்தி, ஒரே வடிவத்தை எண்ணற்ற முறை வரைந்த பெயரறியாக் குயவர்களின் கையில் ‘நான்’ என்ற முனைப்பு அற்றுப்போனதால்தான் அழகு பிறந்தது என்றார். கட்டற்ற தையலைக் கற்பிப்போரும், வடிவத்தை முதலில் பென்சிலால் தாளில் திரும்பத் திரும்ப வரையச் சொல்கின்றனர். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல், அது செல்லவிருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்கின்றனர். எனினும் மோட்டாரின் விசையைப் பிறவாற்றலாகக் கொள்வது பிழை. அது காலின் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்ட பணியாள் மட்டுமே. பிறரிடமிருந்து அருளாக வந்தவை பூவும் பருத்தியும் வழிவழி வந்த பயிற்சியுமே. இயந்திரப் பொருள்களை யானகி உயர்வாக மதிக்கவில்லை. ஆனால் கை உள்ளத்தோடு இணைந்தது என்ற அவரது காரணம், துணியைக் கையே நடத்தும் இத்தையலுக்கு எதிராக நிற்காது.

இன்றைய இயந்திரங்கள் சிலவற்றில், துணியின் நகர்வை உணர்ந்து ஊசியின் வேகத்தைத் தாமே மாற்றித் தையல்களை ஒரே அளவாக்கும் உணர்கருவிகள் உள்ளன. நடுங்கும் கைகளுக்கும் முதுமைக்கும் அவை பெருந்துணை; அவற்றைப் பழிப்பது அறமாகாது. ஆயினும் தையலின் நீளத்துக்கான பொறுப்பு அங்கே கையைவிட்டு நீங்கிவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போட்டிகளுக்கு விதி வகுப்போர், வேலை கையால் நடந்ததா இயந்திரத்தால் நடந்ததா என்று கேட்பதை விடுத்து, அளவைத் தீர்மானித்தது யார் என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால், பற்களை இறக்கிப் பூப்போட்ட துணியில் தைத்த போர்வை கைவேலை என்ற பெயருக்கு முழு உரிமை உடையது.