அந்த ‘டிக்’

அக்கா மகள் வந்துபோய் ஒரு மாதம் ஆகிறது. அவள் நோட்டில் போட்ட ஒரு ‘டிக்’ இன்னும் என்னை விட்டபாடில்லை.

விஷயம் சின்னதுதான். கிளாட் தேர்வு எழுதி, திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தாள். பிளஸ் டூ மார்க்குக்கு மதுரை அரசு சட்டக் கல்லூரியும் கிடைக்கும். வீட்டில் வக்கீல் நான் ஒருவன்தான். முன்சீப் கோர்ட்டில் இருபது வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருப்பவன். “மாமாகிட்ட கேளு” என்று அனுப்பிவிட்டார்கள்.

“என்ன ஆகணும்?” என்றேன்.

“ஜட்ஜ்.”

யோசிக்கவே இல்லை. நான்தான் யோசித்தேன். கம்பெனி வேலை, பெரிய லா ஃபர்ம் என்றிருந்தால் திருச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஜட்ஜ் என்றால் கணக்கு வேறு. மூன்று வருஷம் பிராக்டிஸ் செய்யாமல் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத முடியாது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எங்கே படித்தாலும் ஒரு சீனியருக்குக் கட்டுத் தூக்கித்தான் ஆகவேண்டும். தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. வரப்புத் தகராறில் சாட்சி சொல்லும் கிழவரின் தமிழ் காதில் ஏறியிருந்தால்தான் அதை எழுத முடியும். மதுரையில் வருஷத்துக்குக் கட்டும் பணம் திருச்சியில் ஒரு மாச மெஸ் செலவுக்குக்கூட வராது. இத்தனையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் கேட்டாள்: “அந்த மாதிரி யுனிவர்சிட்டியில படிச்சவங்க யாராவது உங்க கோர்ட்ல இருக்காங்களா மாமா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா.”

‘இல்லை’ என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். நோட்டை மூடி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் டிக் என்றால் சரி. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அப்பா வக்கீல் குமாஸ்தா. ராத்திரி டயரியை விரித்து, அன்றைக்குக் கூப்பிட்ட கேஸ்களுக்கு நேரே சிவப்புப் பேனாவால் டிக் போடுவார். சின்ன வயதில் அவையெல்லாம் ஜெயித்த கேஸ்கள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது சிரித்தார். “வாய்தா வாங்கியாச்சுன்னு அர்த்தம்டா.” கோணூசியில் நூல் கோத்துக் கட்டுகளைத் தைத்துக்கொண்டே சொன்னார். அந்த ஊசி இப்போதும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

நான் எதைப் பார்த்துச் சட்டம் படிக்கச் சேர்ந்தேன்? இன்ஜினீயரிங் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சென்னை சட்டக் கல்லூரி அப்போது பாரிமுனையில், ஹைகோர்ட்டை ஒட்டி இருந்தது. வகுப்பு சலித்தால் கோர்ட் ஹாலுக்குள் நழுவிக் கடைசி வரிசையில் உட்காரலாம். நான் கற்ற சட்டத்தில் பாதி அந்த வரிசையில் கற்றது. 1891-இல் தொடங்கிய கல்லூரியை 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு அங்கிருந்து யாரும் நடந்து ஹைகோர்ட்டுக்குள் நுழைய முடியாது. இதை அவளிடம் சொன்னேனா என்பது நினைவில்லை.

1891 என்றதும் காந்தி. அவர் லண்டனில் பாரிஸ்டர் ஆனதும் அதே வருஷம். சத்திய சோதனையைக் கல்லூரி நாளில் படித்தது, பாதி மறந்துவிட்டது. மாவ்ஜி தவே என்ற குடும்ப நண்பர்தான் பையனை லண்டனுக்கு அனுப்பச் சொல்கிறார். பாரிஸ்டரானால் திவான் ஆகலாம் என்பது அவர் கணக்கு. பையனுக்கோ டாக்டருக்குப் படிக்க ஆசை. பாரிஸ்டராகித் திரும்பியவர் பம்பாயில் முதல் கேஸில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். முப்பது ரூபாய் ஃபீஸையும் திருப்பிக் கொடுத்தார். காந்தியைவிட மாவ்ஜி தவேயைப் பற்றித்தான் இப்போது அதிகம் யோசிக்கிறேன். கணக்குத் தப்பியதற்கு அவர் வருத்தப்பட்டிருப்பாரா?

அக்கா நேற்று போன் பண்ணினாள். திருச்சியில் பணம் கட்டியாயிற்றாம். நான் மதுரைப் பக்கம் சாய்ந்து பேசியதாகத்தான் எண்ணியிருந்தேன்.

அந்த டிக்குக்கு என்ன அர்த்தம்? யாரும் வராத கோர்ட்டுக்கு முதல் ஆளாக வருவேன் என்பதா? அங்கே படித்தால் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டியதில்லை என்பதா? கேள்வி கேட்டாயிற்று, அவ்வளவுதான் என்று அவள் தாத்தா கணக்கில் போட்டதா? போன் பண்ணிக் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை. இந்த மூன்றில் எது பதிலாக வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இன்னும் பிடிபடவில்லை.