விற்றுவிட்ட நேரம்



காத்திவாக்கத்திலிருந்து ஆலைகளுக்கு ஷிப்டு போகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி லேத் சும்மா நிற்கும் அரை மணி நேரத்தில் வெளியாருக்கு ஒரு சாமான் கடைந்து கொடுத்து நாலு காசு பார்த்தால் அது பாவமா?

இரண்டாம் வேலை பார்ப்பது பாவமல்ல. ஷிப்டு முடிந்தபின், சொந்தக் கருவி கொண்டு, ஒப்பந்தத்துக்கு விரோதமில்லாமல் உழைத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குத் தேடுகிறவன் மெச்சத்தக்கவன். ஆனால் கூலிக்கு விற்றுவிட்ட நேரம் நம்முடையதல்ல. இயந்திரமும் மின்சாரமும் நம்முடையவையல்ல. உடையவன் சம்மதமின்றி எடுத்தால் அது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவே. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், நிறுவனச் சொத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது.

"இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்?" என்பீர்கள். நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமா? தெருவில் பட்டறை வைத்திருப்பவன் வாடகையும் கரண்டு பில்லும் கட்டி அதே சாமானைக் கடைகிறான். ஒன்றும் கட்டாத நீங்கள் விலையைக் குறைத்தால் அவன் பிழைப்பு கெடுகிறது. நீங்கள் விட்ட வேலையோ பக்கத்திலுள்ள காண்டிராக்ட் தொழிலாளியின் தலையில் விழுகிறது. பெரியவனிடம் எடுத்ததாக நினைக்கிறோம், எளியவனிடம் எடுத்திருக்கிறோம்.

கணிப்பொறி முன் உட்காரும் பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி 2022 செப்டம்பரில் அறிவித்தார். அடுத்த மாதம் இன்ஃபோசிஸ், போட்டியில்லாத சில வெளி வேலைகளை முன் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்றது. மறைத்துச் செய்வது வேறு, கேட்டுச் செய்வது வேறு.

முதலாளிக்கும் கடமை உண்டு. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் எழுதிய 'ரேரும் நோவாரும்' நிருபம், ஒப்புக்கொண்ட வேலையைப் பிரமாணிக்கமாய்ச் செய்யும் கடமையைத் தொழிலாளிக்கும், நியாயமான கூலி தரும் கடமையை முதலாளிக்கும் சேர்த்தே போதிக்கிறது. கூலி போதாவிட்டால் சங்கமாகச் சேர்ந்து பகிரங்கமாய்க் கேளுங்கள். அநியாயக் கூலிக்குக் களவு மருந்தாகாது.

மனச்சாட்சியைச் சோதிக்க எளிய வழி இது: மானேஜர் வந்து பக்கத்தில் நின்றாலும் கையிலுள்ள வேலையை மறைக்காமல் செய்வேனா? மறைப்பேன் என்றால் இன்றே நிறுத்தி, எடுத்ததை இயன்றவரை ஈடுசெய்யுங்கள். "உங்கள் கம்பெனியில் செய்து கொண்டு வாருங்களேன்" என்று கேட்கும் உறவினரும் அயலாரும் அந்தக் களவுக்குப் பங்காளிகளே என்பதை மறவாதீர்கள்.

தச்சுவேலை செய்து பிழைத்த அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் பங்குக் குரு