கடைசிப் பத்து சதவீதம்

பெஸ்தாரி ஜெயா பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களிடம் ராத்திரிக்கு என்னென்ன எடுத்துக்கிட்டுப் போவீங்க என்று கேட்டால் துப்பாக்கி, டார்ச்லைட், பாராங், கொசு மருந்து என்று வரிசையாகச் சொல்வார்கள். இப்போது அந்த வரிசையில் பவர் பேங்கும் சேர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, மோட்டார் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஃபோன்ல சார்ஜ் இருக்கணும், அவ்வளவுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த சார்ஜ் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலாசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (நம் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வரைக்கும் செம்பனைதான். இந்த நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டதும் இங்கேதான். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் நட்டார். செம்பனைக்குப் பேர் போன தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! வடக்கே போனால் ராஜா மூசா வனக்காப்பகம். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும் கரிச்சதுப்பு. பன்றி பகலில் அந்தப் பக்கம் படுத்துக் கிடக்கும். இருட்டியதும் தோட்டத்துக்குள் இறங்கி, உதிர்ந்த பழத்தைத் தின்னும். மறுநடவு செய்த இளங்கன்றுகளின் குருத்தையும் தோண்டித் தின்றுவிடும். வேட்டைக்காரனுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் குளிர்தான் எதிரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அதனால் ஃபோனை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் உள்ளேயே இருப்பவர்கள் சூரியத் தகடு கொண்டுபோகிறார்கள். நம் ஆள் ஒரு ராத்திரிக்குத்தான் போகிறான், அதுவும் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள். இங்கே எதிரி ஈரமும், 'லைன்' இல்லாததும். சதுப்பு ஓரத்தில் லைன் ஒரு கோட்டுக்கு இறங்கினால் ஃபோன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடத் தேட சார்ஜ் குறையும். சட்டைப்பையில் சும்மா கிடக்கிற ஃபோன் விடியறதுக்குள் செத்துப்போவது இதனால்தான். விமான நிலைக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கும். ஜிபிஎஸ் வெறுமனே வானத்திலிருந்து வாங்கிக்கொள்கிற சமாச்சாரம் என்பதால், அந்த நிலையிலும் பெரும்பாலான ஃபோன்களில் வழி பார்க்கலாம். எல்லா நிரையும் ஒரே மாதிரி இருக்கிற செம்பனைக்குள் இது பெரிய உதவி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விமான நிலையில் போட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாது. திறந்து வைத்தால் அவளுக்கு நிம்மதி, ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு வழி காட்ட ஃபோன் உயிரோடு இருக்காது. கடைசிப் பத்து சதவீதம் எனக்கா, அவளுக்கா?

கார்பைட் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போன காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. போனவன் காலையில் வருவான். இடையில் இருந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அது வெறும் ராத்திரி. முல்லைத் திணைக்கு இருத்தல் என்று உரிப்பொருள் வகுத்தவர்களுக்குத் தெரிந்த காத்திருப்பு அது. பொழுது சாயும், மாடு திரும்பும், அவன் இன்னும் வரவில்லை. வருத்தம் உண்டு, ஆனால் அவன் ஏன் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு அதில் கிடையாது, சொல்ல வழியே இல்லாததால். கையில் ஃபோன் வந்தபிறகு அதே மௌனம் ஒரு செய்தியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அடித்து, 'நீங்கள் அழைத்த எண்' என்று பதிவுக்குரல் பேச ஆரம்பித்தால் அவள் மனசு எங்கெல்லாம் போகும்? பாரிட்டில் மோட்டாரோடு விழுந்துட்டானா, பன்னின்னு நினைச்சு கூட்டாளியே சுட்டுட்டானா, பழைய ஈயக்குட்டையில இறங்கிட்டானா.

செய்ய வேண்டும் என்றால் செய்ய முடிந்ததாக இருக்க வேண்டும் என்பது காண்ட் பெயரில் வழங்கும் வாதம். முடியாததை ஒருவனுக்குக் கடமையாக்க முடியாது. கருவிகள் இதைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன. முடியும் என்று ஆனவுடனேயே கடமை என்று ஆகிவிடுகிறது. யாரும் நம்மிடம் சம்மதம் கேட்பதில்லை. 'சார்ஜ் இல்லம்மா' என்பது நேற்று தகவல், இன்று சாக்கு.

இதற்கு மறுபேச்சு உண்டு, நியாயமான மறுபேச்சுதான். வாரம் ஆறு நாள் மண்டோர் கூப்பிட்ட குரலுக்கும், சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவுக்கும் பதில் சொல்கிறவன், ஒரு ராத்திரியாவது யாருக்கும் அகப்படாமல் இருக்க நினைப்பது தப்பா? பன்றி கிடைப்பதைவிட அந்த இருட்டுக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அகப்படாமல் இருக்கிற உரிமை போகும்போது சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத்தான் உண்டு. 'ரெண்டு மணி வரைக்கும் ஃபோன அடைச்சு வச்சிருப்பேன், ரெண்டு மணிக்கு ரோட்டுக்கு வந்து அடிக்கிறேன், மூணு வரைக்கும் அடிக்கலனா பக்கத்து வீட்டு அண்ணன எழுப்பு.' இவ்வளவுதான். அந்த ஒரு அழைப்புக்கு மூன்று சதவீதம் சார்ஜ் போதும். மீதியை அவன் வழி பார்க்கவோ நிம்மதியாக இருக்கவோ வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் போய்விட்டு, இருபதாயிரம் மில்லியாம்பியர் பவர் பேங்க் கொண்டுபோனாலும் பிரயோஜனம் இல்லை.

கூட்டாகப் போகும்போது கணக்கு இன்னும் மாறும். நான்கு பேர், ஒரு பவர் பேங்க். ஒருவன் விழுந்த பன்றியோடு படம் எடுக்கிறான், வீடியோ எடுக்கிறான், லைன் கிடைத்த மேட்டில் நின்று குழுவில் போடுகிறான். அவன் ஃபோன், அவன் சார்ஜ் என்று விட்டுவிடலாமா? பன்றி கொம்பால் நாயின் வயிற்றைக் கிழித்துவிட்ட பிறகு வெளிச்சத்துக்கும், வண்டி கூப்பிடவும் அந்த ஃபோன்தான் மிச்சம் என்றால் அது அவனுடையது மட்டும்தானா? காட்டுக்குள் தண்ணியைப் பகிர்ந்துகொள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்ஜும் தண்ணி மாதிரிதான் என்பது இன்னும் நம் பழக்கத்தில் ஏறவில்லை. நாயைப் பற்றி ஒன்று. அது முன்னால் ஓடுவது பின்னால் ஆள் வருகிறான் என்ற நம்பிக்கையில்தான். அதனிடம் 'சார்ஜ் முடிஞ்சிருச்சு' என்று சொல்ல முடியாது.

இன்னொன்றை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. காட்டுப்பன்றியைச் சுட வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் வேண்டும். இரண்டும் இல்லாமல் போகிற கூட்டத்தில் ஒருவனுக்கு அடிபட்டால் ஃபோனில் நூறு சதவீதம் இருந்து என்ன? 999ஐ அழுத்தப் போகிற விரல் நிற்கும். முதலில் துப்பாக்கியை எங்கே வைப்பது, யார் வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது என்ற பேச்சு நடக்கும். அந்தப் பேச்சு நடக்கிற நேரத்தில் ரத்தம் நிற்காது. பிறகு வீட்டில் 'லைனே இல்லக்கா, சார்ஜும் செத்துப் போச்சு' என்று சொல்வது எவ்வளவு சுலபம். யாராலும் சரிபார்க்க முடியாத பொய் அது. உரிமம் எடுக்கச் சொல்வதைச் சட்டத்துக்குப் பயந்த பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட வருகிறவனுக்காக ஃபோனை எடுக்கத் தயங்காத நிலையில் நாம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

வீட்டுப் பக்கமும் ஒரு ஃபோன் இருக்கிறது. அதைப் பற்றி வேட்டைப் பேச்சில் ஒரு வார்த்தை வராது. ரைஸ் குக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சார்ஜரைச் செருகி, சத்தத்தைக் கூட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளாக அடிக்க மாட்டாள். மணி அடித்தால் பன்றி ஓடிவிடும், அவன் ஏசுவான். பயப்படுகிறவளுக்குக் கூப்பிடும் உரிமை இல்லை, கூப்பிடக்கூடியவனுக்கு அந்த நேரத்தில் பயம் இல்லை. அவள் திரையைத் தட்டி மணி பார்க்கிறாள். ரெண்டே கால்.