பூட்டிய வீடுகள்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கே அபர்சோக் என்னும் கடற்கரைச் சிற்றூர் உளது. அங்கு விடுமுறை வீடு வைத்திருப்போர் ஊரை வெறுப்பவரல்லர். பாட்டன் காலந்தொட்டு அன்போடு வந்து தங்குவோரும் உளர். எனினும் அவர்கள் தரும் விலையை உள்ளூர் இளைஞரால் தர இயலவில்லை. குளிர்காலத்தில் பல வீடுகள் இருண்டு கிடக்கின்றன. மாணவர் குறைந்தமையால் 2021 இறுதியில் ஊர்ப் பள்ளியும் மூடப்பட்டது.

வேல்ஸில் 1979 முதல் இத்தகைய வீடுகளுக்குத் தீயிட்டோர் உண்டு. அதனை அறமென ஏற்க என் மனம் ஒப்பவில்லை. 2023 முதல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வரி செலுத்தினால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? எவரும் எண்ணாத தீங்கைப் பலர் சேர்ந்து விளைத்தால் ஒருவர் பங்கு எவ்வளவு? கணக்கெழுதியே பழகிய எனக்கும் அது பிடிபடவில்லை. மிகுந்த விலைக்கு விற்ற உள்ளூராரையும் அதில் சேர்க்க வேண்டுமன்றோ?